முப்பத்தாறு படம்

அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய கேமராவும், அதன் வயிற்றுக்குள் ஒரு பிலிம் ரோலும் இருந்தனவாம். ஒரு காலத்தில் தணிகாசலம் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் அந்தக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் போவார். செல்போன் வந்த பிறகு மேல்தட்டுதான் அதற்கு வீடு.

“தம்பி, நாளைக்கு உன்னை ஸ்டுடியோவுல கழுவிப் படம் போடக் கொடுக்கப் போறாராம்!” என்றது கேமரா. “மழைக்குப் பயந்து ஆடு ஒண்ணு ஆட்டோவுல ஏறி உட்கார்ந்துச்சே, அது வரும். பறந்துபோன பலூனைப் பிடிக்கப் போலீஸ்காரர் குதிச்சாரே, அதுவும் வரும். முப்பத்தாறும் வரும்!”

ரோலுக்குப் பகீர் என்றது. மாட்டிய அன்றே அதன் நுனி பல்சக்கரத்தில் சிக்காமல் நழுவிவிட்டது. பிலிம் நகரவே இல்லை; ஒவ்வொரு க்ளிக்குக்கும் கேமராவின் மேலே எண் மட்டும் ஏறியது. உள்ளே ஒரு படமும் விழவில்லை. இத்தனை வருஷமாக அதைச் சொல்ல அதற்கு வாய் வரவில்லை.

“அண்ணே...”

“என்னடா?”

“ஒண்ணுமில்லே. அந்த ஆடு எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்துச்சு?”

“உன்கிட்டதானேடா இருக்கு!”

“இருட்டுல சரியாத் தெரியலண்ணே. ஒண்ணாவதுலேர்ந்து நீங்களே சொல்லுங்களேன்.”

கேமரா சந்தோஷமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டது. அது சொல்லச் சொல்ல, ரோல் அன்றுதான் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டதாம்.