புகைக்கு அந்தப் பக்கம்
போடி கடைத்தெருவில் விளக்கு வைக்கும் நேரம். அய்யாத்துரை தன் டார்ச் கடையின் ஷட்டரைப் பாதிக்கு மேல் இறக்கி உள்ளே இருட்டாக்குகிறார். மரிய ஜோசப்பின் சட்டைப்பை டார்ச்சில் பழைய பல்பைக் கழற்றிய இடத்தில் போன மாதமே மாட்டிய வெள்ளை எல்இடி உட்கார்ந்திருக்கிறது. கடையின் டார்ச்சில் மஞ்சள் பல்பு. வெள்ளையைச் சுவரில் அடித்ததுமே கண் கூசுகிறது. "இதுதான். பட்டப்பகல் மாதிரி இருக்கு," என்கிறார் ஜோசப். விடியுமுன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏறவேண்டும். போன வாரம் அங்கே மூடுபனிக்குள்ளிருந்து வந்த காட்டுமாடு கிழித்த தோளில் இன்னும் கட்டுப் பிரிக்கவில்லை. "மலையில சுவரா நிக்கிது? பனில்ல நிக்கிது," என்கிறாள் அவர் மனைவி வியாகுலமேரி. சாமி படத்தடியில் கனலும் சாம்பிராணித் தட்டை எடுத்துத் தரையில் வைத்து, இன்னும் ஒரு பிடி தூவி, கடைக்கோடிக்குப் போய் நின்றுகொள்கிறாள். "இப்ப அடிங்க."

வெள்ளை பாய்கிறது. புகை பாலாய்த் திரண்டு வெளிச்சத்தை ஜோசப்பின் முகத்துக்கே திருப்புகிறது. "எங்கன நிக்கிற?" செருப்புச் சத்தம்கூட இல்லை. அய்யாத்துரை இருமலை அடக்குகிறார். ஜோசப்பின் தோள் விண்ணென்று தெறிக்கிறது. "ஏ மேரி!" வெள்ளையை அணைத்துவிட்டு மஞ்சளை அழுத்துகிறார். புகை மெலிந்து வழிவிடுகிறது. கைக்கெட்டும் தூரத்தில், செருப்பைக் கையில் பிடித்தபடி, இமைக்காமல் நிற்கிறாள் மேரி.

"இம்புட்டுக் கிட்டத்துலதான் அந்த மாடும் நின்னுச்சா?"