சொக்கியின் படையல்

செத்துப்போன பூனை சொக்கியின் காரியத்தன்று, வீட்டார் அவள் படத்துக்கு மாலை போட்டு அழுதார்கள். அவளுக்குப் பிடித்த நெத்திலியை வறுத்து, இலையோடு மொட்டைமாடியில் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டார்கள்.

தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு குட்டி தள்ளாடி வந்தது. சொக்கி அங்கே ஒளித்துவைத்து வளர்த்த குட்டிகளில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

"படையல்ல வாய் வைக்குது பாரு, சனியன்!" வீட்டுக்காரர் விளக்குமாற்றுக் கட்டையால் ஓங்கி அடித்தார். குட்டி தொட்டியடியில் போய் விழுந்தது.

காகம் இறங்கி ஒரு மீனைக் கொத்தியது.

"நம்ம சொக்கியே வந்துட்டா!" வீட்டார் கைகூப்பிவிட்டுக் கீழே போனார்கள்.

"காக்கா, நீதான் எங்கம்மாவா?" என்றது குட்டி.

"நான் எங்கடா அப்படிச் சொன்னேன்? கூப்பிட்டாங்க, வந்தேன்."

"எனக்கும் ஒரு மீன் தர்றியா?"

"எல்லாமே உன் வீட்டுச் சோறுடா. வந்து தின்னு."

குட்டி எழப் பார்த்தது. இடுப்பு எழவில்லை. காகம் ஒரு மீனைக் கவ்விக்கொண்டுபோய் அதன் வாயருகே வைத்தது. வாய் திறக்கவில்லை. மூச்சும் இல்லை.

காகம் அடித்தொண்டையில் கத்தியது. நிறுத்தாமல் கத்தியது.

கீழே வீட்டுக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேட்டீங்களா? சொக்கிக்கு வயிறு நிறைஞ்சிடுச்சு."