நீன்கேயின் பாதி

அடுத்தவர் வாய்க்காலில் தொடை ஆழத்தில் நின்றுகொண்டு, திருடனைப் போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தான் கெர்பன். விடிந்து அரை மணிகூட ஆகியிருக்காது. எதிர்க்கரை வீட்டு நீன்கேயின் ஜன்னலில் இன்னும் விளக்கு எரியவில்லை.

அன்று வாய்க்கால் சோதனை நாள். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் அந்த ஹாலந்துக் கிராமத்தில், வயல் தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பம்புக்குப் போய்ச் சேர்ந்தால்தான் உருளைக்கிழங்கு அழுகாமல் பிழைக்கும். அதனால் இரு கரைக்காரர்களும் நடுவாய்க்கால் வரை அவரவர் பாதியைக் கோரை, களை நீக்கி வைக்க வேண்டும். தவறினால் நீர் வாரியத்தின் நோட்டீஸ் வரும்.

அந்த வீட்டில் முன்பு இருந்தவர்கள் மூன்று நோட்டீஸ் வாங்கி, வெறுத்துப்போய் வீட்டையே விற்றுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். வசந்தத்தில் குடிவந்த நீன்கேயும் அப்படிக் கிளம்பிவிட்டால்? நாற்பத்தாறு வயதுக் கட்டைப் பிரம்மச்சாரிக்கு அதை நினைக்கவே மனசு வரவில்லை. பட்டணத்துக்காரி, பாவம், தண்ணீர் என்றாலே பயம் போலிருக்கிறது. சாயங்காலமானால் கோடு போட்ட குச்சியை விட்டு ஆழம் பார்த்தபடியேதான் கரையில் நடப்பாள்.

அவள் பாதியின் கடைசிக் கோரையை வாரிக் கரையில் எறிந்தபோது, கையில் காபிக் கோப்பையோடு அவள் எதிரே நின்றாள். காலங்காத்தாலே இங்கே என்ன வேலை என்று கேட்டாள். கெர்பன் அசடு வழிந்தான். காபியை வாங்கிக் குடித்துக்கொண்டே சோதனை, நோட்டீஸ் எல்லாவற்றையும் விளக்கினான்.

"அப்ப உங்க பாதி?"

"அதை விடுங்க. வர்றவங்க பாலத்துல நின்னு எட்டிப் பாத்துட்டுப் போயிடுவாங்க. பாலத்துக்கிட்ட பத்தடி மட்டும் வாரி வச்சிருக்கேன், மிச்சமெல்லாம் காடுதான். இருபது வருஷமா இப்படித்தான் ஓட்டிக்கிட்டிருக்கேன்."

நீன்கே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கெர்பனுக்குத் தண்ணீரின் குளிர்கூடத் தெரியவில்லை. அவள் எதற்கும் கவலைப்பட வேண்டாம் என்றும், சோதனைக்கு வருகிற ஆளைத் தானே பேசிச் சமாளித்துக்கொள்வதாகவும் சொல்லிவைத்தான்.

அவள் காலிக் கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

"கரையேறி வாங்க, கடைசி வரைக்கும் நடந்தே பாத்துடலாம். இந்த வருஷம் வர்ற ஆள் நான்தான்."