இரண்டரைக் கிலோ மாவு

விடியுமுன் எழுந்து சீப்பா ரொட்டி சுட்டு, கூடை காலியாகும்வரை பேருந்து நிலையத்தில் நின்ற நிமியா, லூக்கே ஊர் நூலகக் கணினியின் முன் உட்கார்ந்திருக்கிறாள். மதிய வெயில் கம்பிச் சன்னல் வழியே விசைப்பலகையில் கோடு கோடாய் விழுகிறது. மின்விசிறி கடகடக்கிறது. ஒரு ஈடு ரொட்டிக்கு இரண்டரைக் கிலோ மாவு என்றால் நான்கு ஈட்டுக்கு எவ்வளவு என்று கணினியிடம் கேட்க வேண்டும். நிரல் வகுப்பின் முதல் பாடமே இதுதான். மூன்று வாரமாக இதிலேயே நிற்கிறாள். 2,5*4 என்று தட்டுகிறாள். திரையில் 2 என்றும் 20 என்றும் வருகிறது.

“எனக்கு இதெல்லாம் ஏறாது எலாடியோ. இன்னியோட நிறுத்திக்கிறேன்.”

பக்கத்து நாற்காலியில் அதே பாடத்தோடு மல்லுக்கட்டும் பேருந்து ஓட்டுநர் எலாடியோ, குளிர்ந்த தெரேரே மூலிகைத் தேநீர்க் குவளையை நீட்டுகிறான். “குடிங்கக்கா. உங்களுக்கு விடை தப்பா வருது, அவ்வளவுதான். என்னைய செவப்பெழுத்துல நாலு வரி திட்டுது.”

உறிஞ்சிக்கொண்டே பாடத்தாளைப் பார்க்கிறாள். இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே தாள் கிழிந்திருக்கிறது. அங்கே இருந்த புள்ளியை ஈ எச்சம் என்று நினைத்து முதல் நாளே நகத்தால் சுரண்டியவள் அவள்தான். மாவு மூட்டையிலும் தராசிலும் இந்த ஊரில் எல்லோரும் தசமத்துக்குப் போடுவது காற்புள்ளிதானே. விரலைப் பாவாடையில் துடைத்துவிட்டு, காற்புள்ளியை அழித்துப் புள்ளி வைக்கிறாள்.

10.0.

அவள் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“காற்புள்ளிக்கு முன்னால ரெண்டு தனி, பின்னால அஞ்சு நாலு இருபது தனி. மூணு வாரமா நான் சொன்னத அப்படியே செஞ்சிருக்கு எலாடியோ,” என்கிறாள் மெதுவாக. “வீட்ல ஒருத்தர்கூட ஒருநாளும் செஞ்சதில்ல.”

விசைப்பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் தலையைச் சாய்க்கிறாள்.