இறங்கிக்கொண்டே போன தரகு

"தரகு பணமா வேணாம் தங்கச்சி. ரெண்டு கோழி குடு, போதும்லா."

தரகர் நஜ்முதீன் இப்படிச் சொன்னதும் மாரியாயி தன் காதுகளையே நம்பவில்லை.

"நூத்துக்கு ரெண்டு வெள்ளின்னுதானே பேசுனீங்க, நானா?"

பிரிக்பீல்ட்ஸில் ரயில்பாதையை ஒட்டி நின்ற பலகை வீடு அது. குண்டுவீச்சு விமானங்கள் அந்தப் பாதையைத் தேடி வரத் தொடங்கிய நாள் முதல், அதை விலைக்குக் கேட்க ஆளில்லை.

சயாமுக்கு ரயில்பாதை போட ஜப்பானியரால் கொண்டுபோகப்பட்ட கணவன் இனி வரமாட்டான் என்பது உறுதியாகிவிட்டது. அவளுக்கு மிஞ்சியவை அந்த வீடும், நோயில் கிடந்த மகளும், கொல்லையில் மேய்ந்த நான்கு கோழிகளுமே.

வீடு விற்ற பணத்தில் கிள்ளானில், தன் அக்காள் வீட்டருகே, கொஞ்சம் மரவள்ளி நிலம் வாங்கலாம். மகளைப் பட்டினியிலிருந்து மீட்கலாம். அவளுடைய கணக்கு அவ்வளவே.

வாங்க வந்திருந்தவர் கன்னையா. ஜப்பானியருக்குக் கூலியாட்கள் பிடித்துக் கொடுக்கும் குத்தகைக்காரர். ஒரு மாதமாக நூறு நூறு வெள்ளியாகக் குறைத்துப் பேசி இழுத்தடித்தவர், அன்று காலை வந்ததும் கேட்ட விலைக்கு உடன்பட்டார். மேலும் ஆயிரம் வெள்ளி தாமாகவே கூட்டினார். வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுக் கட்டுகள் ஒரு சாக்கில் அவர் காலடியில் இருந்தன.

அன்றைக்கே முடிக்க வேண்டும் என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை.

நாள் சரியில்லை, அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று நஜ்முதீன் சொல்லிப் பார்த்தார்.

"நீ எப்ப இருந்து பஞ்சாங்கம் பாக்குற, நானா?" என்று கன்னையா சிரித்தார்.

குடிக்கத் தண்ணீர் கேட்டு, நஜ்முதீன் அவள் பின்னால் அடுக்களைக்குள் போனார். கன்னையாவும் எழுந்து வந்துவிட்டார். "இனிமே நம்ம அடுப்படிதானே!"

அந்த மனிதர் பக்கத்தில் நிற்கும்போது எவரும் அளந்துதான் பேசுவர். திருட்டுத்தனமாக வானொலி கேட்டதற்காகப் பக்கத்துத் தெருவில் ஒருவரை ஜப்பானியர் இழுத்துச் சென்றிருந்தார்கள். காட்டிக் கொடுத்தவர் யார் என்பதை எல்லாரும் அறிந்திருந்தனர், எவரும் சொல்வதில்லை.

"நோட்டு வேணாம்னு சொல்லல, மொதலாளி" என்றார் நஜ்முதீன் அவசரமாக. "கோழிக் கறிக்கு ஆசையா இருக்கு, அதான்."

முட்டையிடும் கோழிகளை எப்படிக் கொடுப்பது? மகளின் உடம்பில் ஒட்டுவது அந்த முட்டை ஒன்றுதான். மாரியாயி மறுத்துவிட்டாள்.

"சரி, ஒரு கோழி."

அதற்கும் மறுத்தாள்.

"கொல்லையில கெடக்குற தகரமாவது?"

கேட்பவர் ஏற்றுவதும் கொடுப்பவர் இறக்குவதும் உலக வழக்கம். தன் கூலியைத் தானே இறக்கிக்கொண்டு போகிற தரகரை அவள் கண்டதில்லை. பணத்தை வேண்டாமென்பவர் அதைவிடப் பெரிதாக எதையோ குறிவைக்கிறார் என்று அவள் அஞ்சினாள்.

நஜ்முதீன் தண்ணீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"ஒரு கதை கேளு தங்கச்சி. கொளத்துல தண்ணி வத்தப் போவுதுன்னு நண்டுக்குத் தெரிஞ்சு போச்சு. கரையில கொக்கு நிக்குது, வாயத் தொறக்க முடியுமா? சும்மா சேத்துக்குள்ள வளையத் தோண்டிக்கிட்டே இருந்துச்சாம். நண்டுக்குப் பைத்தியம்னு மீனெல்லாம் சிரிச்சுச்சாம்."

"ஒனக்கு இப்ப கோழி வேணுமா, நண்டு வேணுமாலா?" என்று கன்னையா உரக்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, தரகரை உற்றுப் பார்த்தார்.

நஜ்முதீன் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாதியத்தவன்னு எளக்காரமா, நானா?" என்றாள் மாரியாயி. "எம்புள்ள வாயில இருக்கிறதப் புடுங்காதீங்க. பேசுன தரகு, நோட்டாத்தான் தருவேன்."

வீடு கைமாறியதும், கன்னையா கொடுத்த சாக்கிலிருந்து எடுத்து எண்ணி நீட்டினாள். கன்னையா தம் பங்காக ஒரு பிடி நோட்டை எண்ணாமலே அதன்மேல் வைத்தார்.

நஜ்முதீன் வாங்கிக்கொண்டார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. கேட்டது கிடைக்காத ஏமாற்றம் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

நான்கு கோழிகளும் தப்பின. நெடுநாளைக்குப் பின் வழக்கில் தான் வென்றதாக ஒரு சிறு நிறைவு அவளுக்கு உண்டாயிற்று.

சில நாள்களில் ஜப்பானியர் சரணடைந்தனர், யுத்தம் முடிந்தது.

கிள்ளானில் நிலத்துக்காரர் அந்த நோட்டுக் கட்டுகளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கடைக்காரர்களும் தொடவில்லை.

மகள் பசியென்று அழுத காலையில், மாரியாயி ஒரு கோழியைக் கூடையில் வைத்து மூடி, பிரிக்பீல்ட்ஸுக்கு நஜ்முதீனைத் தேடி வந்தாள். கோழிக்கு அவ்வளவு ஆசைப்பட்டவர். பதிலுக்குக் கொஞ்சம் அரிசி கொடுக்க மாட்டாரா?

அவர் மனைவி ரம்லத் கூடையைத் திறந்து பார்த்து விழித்தாள்.

"கோழியா? அவுக கோழியவே தொட மாட்டாகளே, தங்கச்சி. நாங்க வளக்கிறதும் இல்லியே."

"அப்ப அந்தக் கூண்டு?"

கொல்லை மூலையில் கோழிக்கூண்டு ஒன்று இருந்தது. நெடுநாளாக அதை மூடியிருந்த சாக்கு கழற்றி வேலியில் உலர்த்தப்பட்டிருந்தது. அதனருகே, திண்ணமாய் மடித்துக் கட்டிய ஒரு நோட்டுக் கட்டு வெயிலில் கிடந்தது.

கூண்டுக்குள் ஓர் இறகுகூட இல்லை.

அதற்குள்ளே ஒரு வானொலிப் பெட்டி, இப்போது எவருக்கும் அஞ்சாமல், உரக்கப் பேசிக்கொண்டிருந்தது.