நூல் சுற்றிய கண்ணாடி

டாக்டர்கள் பழகுவதற்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் பொம்மைக்குப் பேச வராது என்பதால், காலியாகக் கிடந்த ஒன்பதாம் கட்டிலில் முடிச்சு அண்ணனைப் படுக்க வைத்தார் பெரிய டாக்டர்.

காய்ச்சலில் நினைவு குழம்பிய நோயாளியாக அவர் நடிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த டாக்டர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து சமாளிப்பார்கள். சரியாகச் சமாளித்தாலொழிய அடங்கக் கூடாது. அவ்வளவுதான் வேலை.

இருபத்திரண்டு வருஷமாக அந்த ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் அண்ணன். திமிறுகிற நோயாளியின் கையைக் கட்டிலோடு கட்டவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் கட்டினால் அவிழாது. பேர் வந்ததே அப்படித்தான்.

படுக்கும் முன் தலைமாட்டு அலமாரியில் ஒரு மூக்குக்கண்ணாடியை வைத்தார். அதன் ஒரு காதுக்கம்பியில் கருப்பு நூல் சுற்றியிருந்தது. யாராவது இதை எடுத்து மாட்டிவிட்டால்தான் அடங்குவது என்று தனக்குள் முடிவு கட்டிக்கொண்டார்.

"என் கண்ணாடி எங்க? ஒண்ணும் தெரியலையே!" என்று கத்தத் தொடங்கினார்.

முதல் டாக்டர் அவரைவிடச் சத்தமாகக் கத்தினார். இரண்டாமவர் நர்சிடம் ஊசி கேட்டார். மூன்றாமவர் மறுபேச்சில்லாமல் கட்டுத்துணியை எடுத்துக் கையைக் கட்டினார்.

அண்ணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பழக்கதோஷம். "சார், இது அவுந்துடும். கட்டில் கம்பிக்குக் கீழ சுத்திக் கட்டுங்க."

வார்டே சிரித்தது.

நான்காவதாக வந்த பெண் டாக்டர் முதலில் கட்டை அவிழ்த்தாள். திரையை விலக்கி வெளிச்சம் விட்டாள். "இது ஆஸ்பத்திரிண்ணே. இன்னைக்கு வியாழக்கிழமை. நான் இங்கதான் இருக்கேன்" என்றாள். கண்ணாடியை எடுத்துத் துடைத்து, கம்பி காதில் குத்தாமல் மாட்டிவிட்டாள்.

அவள் முகம் கலங்கலாகத் தெரிந்தது. அந்தக் கண்ணாடியின் பவர் அவருடையதல்ல.

அண்ணன் அடங்கிப்போனார். நேரம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"நான் எழுதிக் கொடுத்ததுல கண்ணாடியே இல்லையேப்பா?" என்றார் பெரிய டாக்டர்.

"சும்மா வாயில வந்துச்சுங்க."

ஆறு வருஷத்துக்கு முன்னால், இதே கட்டிலில், மூன்று நாள் இதே வார்த்தையைக் கத்தியவள் அவர் மனைவி. கையைக் கட்டச் சொன்னார்கள். அவரைத்தான் கூப்பிட்டார்கள். முடிச்சு கடைசிவரை அவிழவில்லை.

அவளுடைய இந்தக் கண்ணாடி அப்போது அவர் சட்டைப்பையில் இருந்தது. திமிறலில் உடைந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக எடுத்து வைத்திருந்தார்.

இன்று அதைச் சட்டைப்பையில் போடவில்லை. அலமாரியிலேயே, படுத்தால் கை எட்டும் இடமாகப் பார்த்து வைத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் தள்ளப் போனார்.