ஓபேத்தின் படகு

மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு திர்சாள் முற்றத்துக்குள் நுழைந்தாள்.

விருந்து சுங்கக்காரன் வீட்டில். கப்பர்நகூம் ஏரிக்கரையில் சாவடி போட்டு, வலையில் விழுந்த மீனுக்கெல்லாம் வரி பிடுங்கியவன். இப்போது சாவடியை அப்படியே போட்டுவிட்டு ஒரு போதகரின் பின்னால் போகப்போகிறானாம். கிளம்புமுன் அவருக்கும் அவர் ஆட்களுக்கும் சாப்பாடு போடுகிறான்.

மீன் கழுவ ஆள் வேண்டுமென்று சொல்லியனுப்பியதும் திர்சாள் தானே வலியப் போய் நின்றாள். கூலிக்காக அல்ல.

வரி பாக்கி என்று சொல்லி அவள் புருஷன் ஓபேத்தின் படகைச் சேவகரோடு வந்து இழுத்துப் போனவன் அவன்தான். சொந்தப் படகுக்காரன் அதன்பிறகு ஊரான் படகில் துடுப்புக் கூலிக்குப் போனான். ஒரு பெருங்காற்றில் அந்தப் படகு கவிழ்ந்தது. ஓபேத்தின் உடல்கூடக் கரை சேரவில்லை.

சுங்கக்காரனின் பாவமெல்லாம் மன்னிக்கப்பட்டுவிட்டது என்று கிணற்றடியில் பேசிக்கொண்டார்கள். கேட்ட நாள்முதல் அவளுக்கு ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை. செத்தது என் புருஷன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் யார் மன்னிப்பது? போதகர் காதுபட அதைக் கேட்டுவிட்டுத்தான் போவதென்று வந்திருந்தாள்.

மகன் அசரியாவும் போன மாதம் வலையைக் கரையில் போட்டுவிட்டு இதே போதகரோடு போனவன்தான். ஆனால் இந்த வீட்டு வாசலை அவன் மிதிக்கமாட்டான். சாவடியைக் கடக்கும்போதெல்லாம் காறித் துப்பியே வளர்ந்த பிள்ளை.

தட்டை இறக்கி வைக்கக் குனிந்தாள்.

சுங்கக்காரனின் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தான் அசரியா. ஒரே கிண்ணத்தில் இருவரும் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவளைக் கண்டதும் சுங்கக்காரன் எழுந்துவிட்டான். முகம் வெளுத்துப்போயிருந்தது. அசரியாதான் அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தான்.

"அம்மா, உங்கிட்டச் சொல்லணும்னுதான் இருந்தோம். அண்ணன் நம்ம படகத் திருப்பிக் குடுத்துட்டாரு. கீழ்க்கரையில ஏத்திப் போட்டிருக்கு, போய்ப் பாரு."

அண்ணன்.

பந்தியின் நடுவில் இருந்த போதகர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு எப்போது வருவாய் என்று மட்டும் மகனிடம் கேட்டாள். விருந்து முடிந்த கையோடு எல்லோரும் கிளம்புகிறோம், அண்ணனும்தான், திரும்ப நாளாகும் என்றான் அவன்.

திர்சாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் படகை யாருடா தண்ணியில தள்ளுறது?"

அசரியாவுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை.

"வித்துரும்மா" என்றான்.

அன்பாகத்தான் சொன்னான்.